படத்தில் மிஞ்சிய கை

நான் வேலை பார்க்கும் ஓட்டலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது நாய்கள்தான். உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜோடி பீங்கான் நாய்கள், கழுத்தில் தங்க வண்ணச் சங்கிலியோடு. கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க, முட்டுக் கொடுத்த ஒரு வார்ப்பிரும்பு நாய். படிக்கட்டுச் சுவரில், செத்த வாத்தை வாயில் கவ்வியபடி நிற்கும் வேட்டை நாயின் எண்ணெய் ஓவியம். கழிப்பறைக் கதவில், நாய் கடிக்கும் என்று பிரெஞ்சில் எழுதிய பழைய எனாமல் தகடு.

எல்லாம் எங்கள் மேடம் சேர்த்தவை. அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மேடம் பாதி ஆயுளை பிரான்சில் கழித்துவிட்டுத் திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன வீட்டை ஓட்டலாக்கியவர். அங்கே பழஞ்சாமான் சந்தைகளில் வாங்கியதும், இங்கே பழைய வீடுகளை இடிக்கும்போது வாங்கியதுமாகச் சேர்ந்துவிட்டது. காலையில் வந்ததும் அவற்றைத் துடைப்பது என் வேலை. எது எந்த நாட்டுக் களிமண், எந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று மேடம் சொல்லித் தந்ததை விருந்தினர்களிடம் ஒப்பிப்பேன். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

போன வருஷம் சென்னைப் பையன் ஒருவன், புதுச்சேரித் தெருநாய்களை மட்டும் படமெடுத்துக் கண்காட்சி வைத்தான். மேடம் போய்ப் பார்த்துவிட்டு, இருந்ததிலேயே பெரிய படத்தை வாங்கிவிட்டார். ஆட்கள் தூக்கிவந்து, என் மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டி, மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்தார்கள்.

கடற்கரைச் சாலை. விடிந்தும் விடியாத வெளிச்சம். நடைபாதையில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். அவர் மார்பில் மோவாயை வைத்துப் படுத்திருக்கும் ஒரு செவலை நாய், கண் திறந்து நேராக நம்மைப் பார்க்கிறது. அவருடைய கை நாயின் கழுத்தில் கிடக்கிறது. லுங்கி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஒரு காலில்தான் செருப்பு.

அது என் அப்பா.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு அப்பா குடிக்க ஆரம்பித்தார். ராத்திரி வீடு வரவில்லையென்றால், காலையில் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போவேன். தேட வேண்டியதே இல்லை. என்னைக் கண்டதும் அந்தச் செவலை எழுந்து வாலாட்டும்; அதுதான் அடையாளம். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அவரை எழுப்பி உட்காரவைத்து, லுங்கியைச் சரிசெய்து கூட்டிவருவேன். அப்படி ஒரு நாளில், நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் எடுத்த படம் அது. பிறகு கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்துப் பிழைத்து வந்ததிலிருந்து அவர் சொட்டுக்கூடத் தொடவில்லை. கல்யாண மண்டபம் ஒன்றில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறார். நாங்களும் அந்தக் காலைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

"எப்டி இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். என்ன விசுவாசம் பார் என்றார்கள். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வரிசையாக நின்று செல்ஃபி எடுத்தது. அதில் ஒரு சிறுமி என்னிடம் வந்து, "அந்த அங்கிள் செத்துட்டாரா?" என்று கேட்டாள். "தூங்குறாரு" என்றேன். அவள் அப்பா சிரித்தார். "தண்ணியப் போட்டுட்டுத் தூங்குறாரும்மா. பாண்டிச்சேரில்ல." நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவர்களுக்கு அறைச் சாவியைக் கொடுத்தேன்.

பூ ஜாடியை நகர்த்தி அந்த முகத்தை மறைத்துப் பார்த்தேன். மேடம் வந்து ஜாடியைப் பழைய இடத்தில் வைத்தார். கடைசியில் ஒரு நாள், வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், குடிகாரன் படத்தை வாசலில் மாட்டியது நன்றாக இல்லை என்கிறார்கள், நாய் மட்டும் இருந்தால் அழகாக இருக்கும் என்று சொன்னேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அது சரளமாக வந்தது.

மேடம் யோசித்துவிட்டு, படமெடுத்த பையனிடம் பேசினார். அவனுக்கு மனமில்லை. ஆனாலும், ஆளை வெட்டிவிட்டு நாயை மட்டும் வைத்து இரண்டு மாதிரி செய்து அனுப்பினான். "நீயே பாத்துச் சொல்லும்மா. நீதானே எதிர்ல ஒக்காரப் போற" என்று மேடம் போனை என்னிடம் நீட்டினார். ஒன்றில் நாயின் தலை மட்டும் இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொன்றில் முழு நாயும் இருந்தது, கழுத்தின் மேல் கிடந்த கையும் இருந்தது. கையை எடுத்தால் நாயின் கழுத்தும் போய்விடும் என்று எழுதியிருந்தான். நான் அதைக் காட்டினேன். புதுப் படம் வந்தது. பழையதைப் பிரவுன் தாளில் சுற்றி, படிக்கட்டின் கீழ் அறையில் துடைப்பங்களுக்குப் பின்னால் நானே கொண்டுபோய் வைத்தேன்.

அதற்குப் பிறகு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விருந்தினர்கள் கேட்டால், இது எங்கள் ஊர் நாய் என்று சிரித்தபடி சொல்ல முடிந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நான் போனை வீட்டில் மறந்து வந்துவிட்டேன். மத்தியானம் அப்பா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலில் இருந்த மேடமே அவரை உள்ளே வரச் சொல்லிவிட்டார். மிதியடியில் நின்று, குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்தவர், சுவரைப் பார்த்தார்.

"இது நம்ம செவலை" என்றார்.

"இந்த நாய உங்களுக்குத் தெரியுமா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியும்மா. பீச்சுல என்கூடத்தான் கெடக்கும்." கிட்டே போனார். மில்லில் எந்திரத்தில் மாட்டி வளைந்துபோன தன் சுண்டு விரலைத் தூக்கிப் படத்தின் அருகே பிடித்தார். "இது என் கையி."

மேடம் விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை.

"கை மட்டும் இருக்கு. மீதிய எடுக்கலையா?" என்று அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்காகப் பொய் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"எடுத்திருந்தாங்கப்பா. நான்தான் வெட்டச் சொன்னேன்."

அப்பா தலை குனிந்துகொண்டார். காதோரம் சிவந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் முன்னால், ஈர லுங்கியோடு, மிதியடிக்கே திரும்பி வந்து, அதை விட்டு இறங்கவும் தயங்கி நின்றார்.

"நல்லதுதான். எனக்கும் பாக்கப் புடிச்சிருக்காது" என்றார். பிறகு, "அந்தச் செவலை செத்துப்போச்சு, தெரியுமா? நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப வண்டில அடிபட்டுடுச்சாம். வந்து தேடினேன். சுண்டல் விக்கிற அம்மாதான் சொன்னாங்க" என்றார்.

எனக்குத் தெரியாது. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அந்த நாயை நான் நினைக்கவே இல்லை. தினமும் அதன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தும் அது என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

"இதுல சின்னதா ஒண்ணு கெடைக்குமாம்மா?" என்று அப்பா மேடத்திடம் கேட்டார்.

"தரேன்" என்றார் மேடம். சற்றுத் தயங்கிவிட்டு, "முழுப் படமும் இருக்குங்க. வேணும்னா அதையும்..." என்றார்.

"வேணாம்மா. இதே போதும்." குடையை எடுத்துக்கொண்டு என்னிடம், "வரேன். மழ விட்டப்புறம் கெளம்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொண்டுவந்த போனைக் கொடுக்க மறந்து, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மேடம் என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் என்னிடம் கொஞ்சம் கூடுதல் கனிவோடு பேசுகிறார். அதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சின்னப் படம் பத்துப் பதினைந்து நாளில் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அதை அப்பாவிடம் கொடுத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இன்னாது, நாய் போட்டோவா? இது யாரு கையி?" என்று கேட்டாள்.

"என்னுதுதான்" என்றார் அப்பா. "இவ ஓட்டல்ல பெருசா மாட்டி வெச்சிருக்காங்க. ஊர் ஊரா வந்து பாக்குறாங்களாம்."

"கைய மட்டுமா எடுத்தான்?"

"அவன் நாயத்தானே எடுக்க வந்தான்" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு ஆணி அடிக்க எங்கே இடம் இருக்கிறது என்று சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் சுத்தியல் எடுத்துவரப் போவதுபோல அங்கிருந்து நகர்ந்தேன்.