திங்கள் முற்பகல் முதல் விடுவிக்கப்படுகிறீர்

என் மனைவி டாக்டர். நான் டாக்டரின் கணவன். மாண்ட்ரியலில் முதல் எட்டு மாதம் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான். அதிலும் பிரமாதமாக வேலை பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

எழுபதுகளின் தொடக்கம். கோட்-டெ-நெய்ஜில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் நடு மாடி. மனைவி காலை ஆறரைக்கெல்லாம் மேட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். நான் சென்னையிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த போர்ட்டபிள் டைப்ரைட்டரில் வேலைக்கு மனு அடிப்பேன். சேப்பாக்கத்தில் பொதுப்பணித் துறையில் பதினோரு வருஷம் கடிதம் வரைந்தவன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், முதல் வகுப்பு. கனடாவில் இதைச் சொன்னால் யாரும் எழுந்து நிற்கவில்லை.

ஒருநாள் நான் அடிக்க அடிக்க, கீழேயிருந்தும் யாரோ என் தரையை அடித்தார்கள். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். குளிர் நாட்டில் எதிரொலி இப்படித்தான் போலிருக்கிறது என்று தொடர்ந்து அடித்தேன். பத்து நிமிஷத்தில் கதவு இடிபட்டது. திறந்தால், வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு ஆள். நாற்பது வயதிருக்கும். கையில் வளைந்த ஹாக்கி மட்டை. அதைக் கொண்டுதான் தன் வீட்டுக் கூரையை இடித்திருக்கிறார். வாயில் முன்பல் மூன்று இல்லை. சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு திட்ட ஆரம்பித்தவர், மேஜைமேல் இருந்த மனுவைப் பார்த்து நிறுத்தினார். அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதை நீயா அடிச்சே?"

"ஆமாம் சார்."

"ஒரு தப்புகூட இல்லையே!"

"ஹையர் பாஸ் சார்."

அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார். மறுவாரம் நான் அவருடைய இங்கிலீஷ் காரியதரிசி.

அவர் பன்னிரண்டு வருஷம் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவர். பெரிய அணியில் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டம். மிச்சமெல்லாம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிற சின்ன அணிகளில். கடைசி அணிக்கு ஆறு வருஷம் கேப்டன். தோள்பட்டை கழன்று இனி ஆட முடியாது என்றானதும் அதே அணிக்கு மேனேஜர் ஆனார். முதலாளி சோப்பு கம்பெனி வைத்திருந்த இங்கிலீஷ்காரர். கடிதமெல்லாம் இங்கிலீஷில்தான் போக வேண்டும் என்பது அவர் சட்டம். அந்த ஊரில் அப்போது அப்படித்தான்: பிரெஞ்சில் தோற்பார்கள், காரணம் கேட்டு இங்கிலீஷில் கடிதம் வரும். மேனேஜர் இங்கிலீஷில் நன்றாகத் திட்டுவார். எழுத வராது.

"உனக்கு ஹாக்கி தெரியுமா?" என்று கேட்டிருந்தார்.

"காலேஜில் லெஃப்ட் அவுட் ஆடியிருக்கேன்" என்றேன். பொய் இல்லை. புல்தரையில் ஆடினேன். முதல் நாள் அரங்கத்தில் பனிமேல் அவர்கள் பாய்வதைப் பார்த்து, "பந்து எங்கே?" என்று கேட்டுவிட்டேன். பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வட்டு. ஆட்டக்காரர்கள் ஒரு மாதம் என்னைப் பார்த்தால் மேஜைக்கடியில் குனிந்து பந்து தேடினார்கள்.

மேனேஜரின் பல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சேதி சொல்லும்போது பல் வாயில் இருக்கும். கெட்ட சேதி சொல்ல வேண்டி வந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பல் இல்லாமல் அவர் பேசினால் அவர் அம்மாவுக்கே புரியாது. ஆக, கெட்ட சேதி எதையும் அவர் யாருக்கும் சொன்னதே இல்லை.

நவம்பரில் முதலாளியின் உத்தரவு வந்தது. புது கோல்கீப்பர் திங்கட்கிழமை சேர்கிறான், பழையவரை அதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

பழையவர் பத்து வருஷமாக அந்த வலைக்கு முன்னால் நின்றவர். மேனேஜர் இந்த அணியில் ஆடிய காலமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவர். மேனேஜரான பிறகும் "கப்பித்தேன்" என்றுதான் கூப்பிடுவார். கேப்டனுக்கு அதுதான் பிரெஞ்சு. இடது முழங்கால் போய்விட்டது. குனிந்தால் நிமிர இரண்டு பேர் வேண்டும்.

மேனேஜர் என்னை உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளை டேப்பில் ஒரு பெயர்.

"நான் ஆடறதை நிறுத்தின அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. வந்து பார்த்தா என் கொக்கிமேல டேப் இல்லை. மேனேஜர் வேலைன்னு கூப்பிட்டது மூணு நாள் கழிச்சுதான். அந்த மூணு நாள்..." என்று பல்லைக் கழற்றினார். பிறகு மறுபடி மாட்டினார். "இவனுக்கு அப்படிச் செய்ய மாட்டேன். நீ ஒரு கடிதம் எழுது. இதமா எழுது. முழங்கால் வலியைப் பத்தி ரெண்டு வார்த்தை போடு. படிச்சா அவனுக்கு வலிக்கக் கூடாது."

பதினோரு வருஷ அனுபவத்தையும் திரட்டி உட்கார்ந்தேன். மூன்று வரைவு. கடைசியில் வந்தது இது: தங்கள் இடது முழங்காலில் நெடுநாளாக இருந்துவரும் வலியை நிர்வாகம் மிகுந்த அனுதாபத்துடன் பரிசீலித்து, தங்களைத் திங்கட்கிழமை முற்பகல் முதல் ரிலீவ் செய்வதில் திருப்தி அடைகிறது.

ரிலீவ். சேப்பாக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஆளை அனுப்பியாச்சு. மாலை, மிக்சர், ஒரு குரூப் போட்டோ. மேனேஜர் கடிதத்தின் ஓரங்கள் நேராக நிற்பதைப் பார்த்துச் சொக்கிப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை முற்பகல், சரியாகப் பத்து மணிக்கு, கோல்கீப்பர் அறைக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கையில் கடிதம், மறு கையில் அவர் பெண்சாதி செய்த சர்க்கரைப் பணியாரம் மாதிரி ஒரு கேக், தட்டோடு. மேனேஜரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு என்னை.

விஷயம் இதுதான், மேனேஜர் பிறகு எனக்கு இங்கிலீஷில் சொன்னது. இங்கிலீஷ் தெரியாததால் கடிதத்தை அவர் தன் பாதிரியாரிடம் காட்டியிருக்கிறார். பாதிரியார் அகராதியைப் பார்த்திருக்கிறார். ரிலீவ் என்றால் வலியிலிருந்து விடுதலை. ஆக, அணி தனக்கு முழங்கால் ஆப்பரேஷன் செய்து வைக்கப் போகிறது!

"எந்த ஆஸ்பத்திரி, கப்பித்தேன்?"

மேனேஜரின் கை வாய்க்குப் போனது. பல் சட்டைப் பைக்குப் போனது. கோல்கீப்பர் என் பக்கம் திரும்பினார். எனக்கு அன்று தெரிந்த பிரெஞ்சு, கடைக்குள் நுழையும்போது சொல்கிற ஒரு சொல்லும், வெளியே வரும்போது சொல்கிற ஒரு சொல்லும். இரண்டாவதைச் சொன்னேன். மெர்ஸி. நன்றி. கேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் வலையில யார்?"

மேனேஜர் ஏதோ முனகினார். தற்காலிகமாக ஒரு பையன் என்று கோல்கீப்பர் காதில் விழுந்ததாம். சமயம் பார்த்து அது மட்டும் தெளிவாக விழுந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி.

"ஏங்க, 'இனி வேலை இல்லை'ன்னு ஒரு வரி எழுத வராதா உங்களுக்கு?"

"அது மரியாதையா இருக்காதே."

"இப்ப மரியாதையா இருக்கா?"

"நீ ஒரு வார்த்தை சொன்னா உங்க எலும்பு டாக்டர்..."

"நீங்க போட்ட கடிதத்துக்கு நான் ஆப்பரேஷன் பண்ணணுமா?" என்றாள். ஆனால் ஏற்பாடு செய்தாள். மருத்துவம் அரசாங்கமே பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்த காலம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிழிந்த ஜவ்வை எடுத்துப் போட்டார்கள். நானும் மேனேஜரும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். போகும் வழியெல்லாம், "இன்னிக்குச் சொல்லிடுறேன்" என்றார். படுக்கை அருகே போனதும் பல் பைக்குள் போய்விட்டது. நான் ஆரஞ்சு உரித்தேன். உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை உரித்தேன்.

கோல்கீப்பர் வடக்கே அக்காவின் பண்ணைக்கு ஓய்வெடுக்கப் போனார். பனிக்காலம் முழுக்க அங்கேதான். சம்பளம் என்று மேனேஜர் தன் கைக்காசை அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்களும் நிம்மதியாகக் கோழைகளாக இருந்தோம். மார்ச் தொடக்கத்தில் போன் வந்தது. நாளைக் காலை வருகிறேன், கால் புதுசு மாதிரி இருக்கிறது.

மறுநாள் காலை மேனேஜர் எனக்கு முன்பே வந்து, உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டிருந்தார். கோல்கீப்பரின் கொக்கிமேல் புதுப் பையனின் பெயர். நவம்பரிலேயே ஒட்டியது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"அவன் வெறும் கொக்கியைப் பார்க்கக் கூடாது. வேற பேரையும் பார்க்கக் கூடாது. அவன் உள்ளே வரட்டும், உட்காரட்டும். பேந்து சொல்றேன்."

பேந்து என்பது எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் நான் கற்று, நான் மேனேஜருக்குக் கற்பித்தது. பிறகு என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் ரொம்ப உபயோகப்பட்ட சொல்.

"உனக்குத்தான் தப்பே வராது. நீ எழுது" என்று டேப்பையும் பேனாவையும் கொடுத்தார். எழுதினேன். அச்சடித்த மாதிரி எழுதினேன். சம்பளப் பட்டியலில் பார்த்துப் பழகிய பெயர். அதன் கடைசியில் உச்சரிக்காத இரண்டு எழுத்து உண்டு, பிரெஞ்சுப் பெயர்களில் வருமே, அந்த மாதிரி. அவற்றையும் விடாமல் எழுதி ஒட்டினேன்.

கோல்கீப்பர் நொண்டாமல் வந்தார். எங்களுக்குக் காட்டுவதற்காக ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். காலணி நாடாவை அவிழ்க்கப் போனவர், நிமிர்ந்து டேப்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கப்பித்தேன், பத்து வருஷமா நீதானே என் பேரை எழுதுவே?"

மேனேஜர் தலையாட்டினார்.

"கடைசி ரெண்டு எழுத்தை நீ ஒருநாளும் எழுதினதில்லையே."

அவர் விரலை அந்த டேப்பின்மேல் வைத்தார். மை விரலில் வந்தது.

"என்னை எப்ப அனுப்பினே?"

மேனேஜரின் கை வாய்க்குப் போனது. கோல்கீப்பர் அதைப் பார்த்தார். பத்து வருஷப் பழக்கம், அவருக்குத் தெரியாதா. பர்ஸிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது. என்னிடம் நீட்டி, "எந்த வார்த்தை?" என்றார்.

குளிர்காலத்தில் என் பிரெஞ்சு கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஆனாலும் விரலை வைத்துக் காட்டினேன்.

உதட்டை அசைத்து அதைப் படித்தார். "வேலையை விட்டு அனுப்பினவனுக்குக் கேக் கொடுத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மேனேஜரிடம், "பத்து நிமிஷம். நீ அடி, என் கால் தாங்குதான்னு பார்க்கணும்" என்றார்.

மேனேஜர் ஸ்கேட் மாட்டினார். பனிக்குள் இறங்கும் முன் சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்து, விழுந்து உடைந்துவிடும் என்று என் கையில் கொடுத்தார். கைக்குட்டையில் வாங்கிக்கொண்டேன்.

யாருமில்லாத அரங்கம். ஒருவர் வலைக்கு முன்னால், ஒருவர் கழன்ற தோளோடு வட்டை அடித்தபடி. மெதுவாகத்தான் அடித்தார். "ஒழுங்கா அடி!" என்று கத்தல் வந்தது. அடித்தார். கோல்கீப்பர் இடது காலை நீட்டித் தடுத்தார்.

"வலிக்கலை!"

மறுபடி. இன்னும் பலமாக. தடுத்தார்.

"வலிக்கலை, கப்பித்தேன்!"

ஒவ்வொரு தடவையும் சொன்னார். எட்டு மாதம் மனு அடித்து, பதினோரு வருஷம் கடிதம் வரைந்த நான், டை கட்டிக்கொண்டு பனியோரக் கதவைப் பிடித்தபடி நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. கையில் ஒருவருடைய பல் இருந்தது, வாயில் என்னுடைய பல் இருந்தது. இரண்டாலும் ஒன்றும் ஆகவில்லை.