தானாகக் கழன்ற வளையல்கள்

முதல் அறிகுறியை நான் நோயென்று நினைக்கவே இல்லை. மாதவிலக்கு நின்றது, வயிறு மேடிட்டது. பிள்ளைக்காக வெகுகாலம் காத்திருந்த உத்தமபாளையத்து மருமகளுக்கு வேறென்ன தோன்றும்?

முந்தைய வருடம் காமாலை வந்து போயிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். என் மாமியார் ஊரைக் கூட்டி வளைகாப்பு நடத்தினார். இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள், இறுக்கமாக. பிள்ளை பெற்ற பிறகுதான் அவற்றைக் கழற்றுவது எங்கள் வழக்கம்.

புரண்டு படுத்தால் வயிற்றுக்குள் ஏதோ அசையும். அதனோடு பேசுவேன். கால் வீங்கிக் கண் மஞ்சளித்த பிறகுதான் என் கணவர் தேனியில் ரயிலேற்றி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “இது பிள்ளை இல்லைம்மா. மகோதரம்” என்றார் (வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோய்).

“உள்ள அசையுதே டாக்டரம்மா.”

“தண்ணிதான் அசையுது.”

குடிக்கிற பழக்கம் உண்டா என்றும் கேட்டார். மோர் குடிப்பேன் என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். காமாலையில் கல்லீரலின் உயிரணுக்கள் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய அறைகள்) பல மடிந்துபோயின. அந்தப் புண்ணை ஆற்றவேண்டிய அணுக்கள் குணம் மாறி, நார் இழைகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. தோலில் விழும் தழும்பு மாதிரிதான்; ஆனால் ஈரலில் விழும் தழும்பு சுருங்கி, இரத்தம் போகும் வழியை நெருக்கிவிடுகிறது. அதனால் நீர் வயிற்றில் கசிந்து தேங்குகிறது. மிச்சமிருக்கும் நல்ல அணுக்களைக் காப்பாற்றினால் பிழைக்கலாம் என்றார்.

குழாய் செருகி நீரை வடித்தார்கள். அது வாளியில் விழும் சத்தத்தைக் கேட்டபடி அழுதேன். தண்ணீரைப் பறிகொடுத்துவிட்டு அழுகிறவளுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்? நடவு வேலைக்காகக் கணவரும் ஊருக்குப் போயிருந்தார்.

வளையலைக் கழற்றச் சொன்ன நர்ஸுக்கு நான் கையைக் கொடுக்கவில்லை. ஆனால் இந்த நோய் வயிற்றை நிரப்பிக்கொண்டே கைகால்களை உருக்கிவிடும். உப்பில்லாக் கஞ்சிக்குக் கை நீட்டும்போது ஒன்று, தூக்கத்தில் ஒன்று என்று எல்லாம் தாமாகவே கழன்று விழுந்தன.

ஊர் திரும்பியபோது மாமியார் என் வயிற்றைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

“வளையல யாரு கழட்டுனா?”

“யாரும் கழட்டல அத்தை. அதுவாக் கழண்டு விழுந்துருச்சு.”

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வளையலைப் பற்றிப் பேசவில்லை. என்னோடும் அதிகம் பேசவில்லை.

வீரபாண்டித் திருவிழாவில் வளையல்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். “ஒங்களுக்குச் சின்னப்பிள்ளை அளவுதான் சேரும் ஆத்தா.” அதையே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இதே நோயில் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சும்மா சும்மா வயிற்றைத் தடவிப் பார்க்காதீர்கள். நான் மாதக் கணக்கை விட்டுவிட்டேன். மணிக்கட்டைப் பார்த்துத்தான் என் காலம் நகர்கிறது. விழுந்த தழும்பு போகாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று காலை குளிக்கும்போது அந்தச் சின்னப்பிள்ளை வளையல்கள், கொஞ்சம் சதை வைத்திருந்த கையை இறுக்கிப் பிடித்தன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இதை வீட்டில் யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.