வெறும் வயிற்றில் ஒரு கார்

ரத்தப் பரிசோதனைக்கு மனிதன் போவதுபோல, புகைப் பரிசோதனைக்குக் காரும் வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்று நான் நம்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். டீசல் கொஞ்சமாக இருந்தால் புகையும் கொஞ்சமாக வரும். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தால் மூச்சு நிதானமாக விடும். சர்க்கரை வந்த நாளிலிருந்து, காபிகூடக் குடிக்காமல் லேபில் போய் உட்கார்ந்து பழகிய மூளை வேறு எப்படி யோசிக்கும்?

வண்டிக்குப் பதினைந்து வயது முடியப்போகிற நேரம். அதற்கு மேலும் ரோட்டில் ஓட வேண்டுமென்றால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் புகைச் சான்றிதழ், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது. வண்டி என் மனைவி பேரில் இருக்கிறது. அவள் பள்ளிக்கூட ஆசிரியை, கடன் அவள் சம்பளத்தில்தான் போனது. ஓட்டியது மட்டும் நான்.

“ஒரு நாள்தான் லீவு போடுவேன். அன்னைக்குள்ள பாஸாச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா காயலான் கடைக்குப் போகட்டும். அம்புட்டுதான்” என்றாள். பத்தாம் வகுப்பில் எனக்கே மூன்று வாய்ப்புக் கொடுத்தார்கள்.

பிரச்சினை சைலன்சரில் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய வேகத்தில், மதுரைக்குப் போய்க் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, உறுமுகிற மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு வண்டி அறுபதில் போகும், சத்தம் நூற்றிருபதில் போகும். தெருவில் நான் திரும்பும்போதே மனைவி உலை வைத்துவிடுவாள். அந்த ஒரு வசதியைத் தவிர வேறு பயன் எதுவும் எனக்கு நினைவில்லை.

எங்கள் தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்தான் ஆர்.டி.ஓ. விஷயங்களுக்கெல்லாம் ஆலோசகர். “இந்தச் சத்தத்தோட போனீங்கன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாங்க. வண்டிய வாங்குறப்ப எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டாங்க” என்றார்.

அவர் சொன்னது சைலன்சரை. நான் கேட்டுக்கொண்டது எல்லாவற்றையும். வீட்டுக்கு வந்ததும் ஏர் ஹாரனைக் கழற்றினேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை உரித்தேன். சீட் கவரை உருவினேன். ஷோரூமிலிருந்து வரும்போது சீட்டின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதைத் தேடிப் பரணில் ஏறினேன். இறங்கி வந்து, டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வாசலுக்கு வந்தாள்.

“பிள்ளையாரையுமா?”

“அவர் கம்பெனி ஃபிட்டிங் இல்ல.”

“மொதல்ல ஒங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, பிள்ளையாரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பெனி சைலன்சர் அரிமளத்துப் பக்கம், என் மச்சினன் வயலில் இருந்தது. மனைவியின் தம்பி. விவசாயம் பார்க்கிறான். வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று நான்தான் அதை அவனுக்குக் கொடுத்தேன். அவன் அதைத் தன் டீசல் பம்ப்செட்டில் மாட்டியிருந்தான். நான் போனபோது பம்ப்செட் பூனைபோல மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்கத்தான். என்ன இங்கிட்டு?”

“சைலன்சரப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாப்ள.”

“பாத்தீங்கள்ல? நல்லாருக்கு. வாங்க, டீ குடிப்போம்.”

விஷயத்தைச் சொன்னேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“நாங்க ஒங்களுக்குப் பொண்ணே குடுத்திருக்கோம். என்னைக்காவது திருப்பிக் கேட்டமா?”

“கேட்டுப் பாரேன்.”

“அக்காகிட்ட சொல்லவா?”

வேண்டாம் என்றேன். கடைசியில் மாற்றுக்கு மாற்று என்று முடிவானது. வெல்டிங் பட்டறைக்காரரை வயலுக்கே கூட்டிவந்து, பம்ப்செட்டின் சைலன்சரைக் காருக்கும் காரின் சைலன்சரைப் பம்ப்செட்டுக்கும் மாட்டினோம். பம்ப்செட்டை ஸ்டார்ட் செய்ததும் வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று என்ன பஸ் என்று கேட்டார். மச்சினன் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தினேன். கார் இவ்வளவு அமைதியாக இருந்ததில், இன்ஜின் ஓடுகிறது என்பதே தெரியாமல் சாவியை மறுபடி திருப்பினேன். உள்ளே ‘கர்ர்’ என்று பல்லைக் கடித்தது. வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி விரதத்தில் வைத்தேன். பரிசோதனை வரைக்கும் சாவியைத் தொடவில்லை. டேங்கில் முள் அடிமட்டத்தில் கிடந்தது.

லீவு போட்ட நாள் காலையில் மச்சினன் வந்துசேர்ந்தான். புகைப் பரிசோதனை செய்யும் அறை இரண்டு தெரு தள்ளி, பெட்ரோல் பங்க் ஓரத்தில் இருந்தது. இன்ஜின் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக நானும் அவனும் காரைத் தள்ளிக்கொண்டே போனோம். நான் ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். அவன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டுக் கொடுத்தான். என் மனைவி ஸ்கூட்டரில், எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று பார்ப்பவர்களுக்குப் புரிகிற தூரத்தில் வந்தாள்.

பரிசோதனை அறையில் ஒரு பெண் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி ஸ்டார்ட் ஆகாதா சார்?”

“ஆகும்.”

“அப்புறம் ஏன் தள்ளிட்டு வாரீங்க?”

“வெறும் வயித்துல இருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள். மனைவி பங்க்கின் விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சைலன்சர் வாயில் கருவியின் குழாயைச் செருகிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னாள். மிதித்தேன். அத்தனை காலம் பம்ப்செட் ஓடிச் சேர்த்து வைத்திருந்த கரி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பங்க்கே மறைந்துவிட்டது. புகைக்குள்ளிருந்து மச்சினன் குரல் மட்டும் கேட்டது:

“அத்தான், அது நம்ம கரி!”

ஃபெயில். அந்தப் பெண் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, “பச்சத் தண்ணியா கொண்டாந்தா இப்படித்தான் சார். டீசலப் போட்டு, நல்லா வெரட்டி ஓட்டி, சூடா கொண்டாங்க. கரியெல்லாம் போயிரும்” என்றாள்.

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் மதியத்துக்குள் போக வேண்டும். காயலான் கடையில் கார் தலைகீழாகக் கிடப்பது கண்ணுக்குள் தெரிந்தது. டீசல் போட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க அங்கிட்டு ஏறுங்க.”

லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அவள் அந்தக் காரை ஓட்டியதில்லை. நான் விட்டதில்லை என்பது சரியான வாக்கியம். அன்னவாசல் ரோட்டில் ஏறியதும் மிதித்தாள். சித்தன்னவாசலுக்குப் போகும் சுற்றுலா வேன் ஒன்றை ஓரம் கட்டினாள். அந்தக் காருக்கு எண்பது என்று ஒரு எண் உண்டு என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பின்சீட்டில் மச்சினன் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தான்.

“கருப்பு… இன்னும் கருப்பு… பின்னாடி பைக்குல வர்றவரு வெள்ளச் சட்ட போட்டிருந்தாருக்கா, இப்ப இல்ல… சாம்பலு… அக்கா, இன்னும் கொஞ்சம் மிதி…”

“மெதுவா போ” என்றேன்.

“நீங்க பேசாம வாங்க.”

“அக்கா! ஒண்ணுமே தெரியல! சுத்தமா ஒண்ணுமே வரல!”

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, இன்ஜினை அணைக்காமலே குழாயைச் செருகினோம். பாஸ்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார். சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், லைட்டையும் வைப்பரையும் போடச் சொன்னார். சைலன்சரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

“நீங்கதான் ஓனரா? ஓட்டிக் காட்டுங்க” என்றார் மனைவியிடம். ஓட்டிக் காட்டினாள்.

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். கார் காயலான் கடைக்குப் போகவில்லை. அதில் இப்போது என் மனைவி பள்ளிக்கூடம் போகிறாள். நான் அவள் ஸ்கூட்டரில் கடைக்குப் போகிறேன்.