பேண்ட் போட்ட நண்டு

முப்பது வருடமாகக் கார்ட்டூன் பொம்மைகளை நடக்க வைக்கிறவன் நான். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் எங்கள் மாமல்லபுரம் ஸ்டுடியோ முதலாளி, "இந்த நண்டு வில்லனை முடிச்சிட்டு வூட்டோட ரெஸ்ட் எடு அண்ணாத்த. உன் ஒடம்புக்கு இனி இந்த வேல ஒத்து வராது" என்று சொல்லிவிட்டார்.

பழிவாங்காமல் விடுவேனா? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இடது கையில் ஊசி குத்தியிருக்க, வலது கையால் அந்த நண்டுக்கு முதலாளியின் நடையையே வரைந்தேன். தொந்தியை முன்னே தள்ளி, நாலடிக்கு ஒருமுறை பேண்டைத் தூக்கிவிடும் நடை.

படத்தைப் போட்டுக் காட்டிய அன்று ஆபீஸே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது. பழிவாங்க வந்த மாவீரனான நானோ, அன்றைக்கு டாக்டர் அனுமதித்த மொத்தத் தண்ணீரையும் பயத்தில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி எழுந்தார். பேண்டைத் தூக்கிவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, எங்க மாமனாரை நீ எப்போ பாத்த? அச்சு அசலா அவரேதான்! நீ எங்கயும் போவ வாணாம். அடுத்த படமும் உனுக்குத்தான்."

வேலை தப்பியது, பழிதான் தீரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைச் சுருண்டு படுக்கவிடாமல் வரைய வைத்தது அவர் மேல் இருந்த ஆத்திரம்தான். அதனால் இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தால் உடம்புக்கு ஆகாது.