முதலாளி கழற்றிய தலைப்பாகை

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைமார் தலைப்பாகை வைப்பதில்லை. பாட்டன் வைக்கவில்லை, என்னைப் பெற்ற ஐயா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை என்றால் ஊர் சும்மா விடுமா? எனக்குத் தலையில் ஏதோ நோய் வருத்தம் என்று பெண் வீட்டுப் பக்கம் ஒரு கதை ஓடியது. மனைவி இன்றைக்கும் எங்கள் கலியாணப் படத்தைக் காட்டிச் சொல்லுவாள்: "சபையில எல்லாரும் மாப்பிள்ளை எங்க எண்டு தேடினவை. நீங்கள் சாப்பிட வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்."

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கப்பல். நான் காணாத கப்பல், ஐயாவும் காணாத கப்பல்.

என் பூட்டன் பாய்க்கப்பல் ஓட்டியவர். கப்பலை நடத்துகிற தலைவனை அப்போது தண்டையல் என்பார்கள். கப்பல் அவருடையதல்ல, ஊரில் பல கப்பல் வைத்திருந்த பெரிய வீட்டு முதலாளி ஒருவருடையது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் பர்மாவுக்குப் பாய் விரிப்பார்கள். போகும்போது என்ன ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது அரிசியும் தேக்குமரமும் ஏற்றிக்கொண்டு வாடைக் காற்றோடு திரும்புவார்கள். புறப்படுகிற நாளில் முதலாளி தன் கையால் தண்டையலுக்குத் தலைப்பாகை கட்டிவிட வேண்டும். அதன் பிறகு கப்பலில் தண்டையல் சொன்னதுதான் சட்டம். திரும்பி வந்து சரக்கு இறக்கிய பின் தண்டையலே அதைக் கழற்றி முதலாளியின் கையில் கொடுப்பார். இடையில் வேறு எவரும் அதில் கை வைப்பதில்லை.

கடைசிப் பயணத்தில் வாடை பேய்க்காற்றாக மாறியது. ஒரு பாய்மரம் முறிந்தது, சுக்கான் இளகியது. அப்படியிருந்தும் பொழுது படுகிற நேரம் கப்பலை ஊர்க்கரை தெரிகிற தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் பூட்டன். எங்கள் கரைக்கு முன்னால் கடலுக்குள் பாறைத் திட்டாக ஒரு கற்பார் நீளமாகக் கிடக்கிறது. அதில் கப்பல் நுழைய ஒரேயொரு வாய். அந்த வாய்க்கு நேரே கரையில் ஒரு விளக்கு வைப்பார்கள். பூட்டன் மழைக்குள் வெளிச்சத்தைக் கண்டார், அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் அது அந்த விளக்கில்லை. முதலாளி வீட்டில் அன்று மகளுக்குக் கலியாணம். கடற்கரைப் பக்கம் பந்தல் போட்டுத் தீவட்டி கொளுத்தியிருந்தார்கள். வாய்க்கு வைத்த விளக்கைக் காற்று அணைத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கப்பல் கல்லில் ஏறியது. அடிப்பலகை பிளந்தது. உள்ளே அரிசி தண்ணீர் குடித்து ஊதி, மிச்சப் பலகைகளையும் வெளியே தள்ளிவிட்டது. ஆட்களில் ஒருவரும் சாகவில்லை. எல்லாரையும் இறக்கிவிட்டுப் பூட்டன் கடைசியாக நீந்தி வந்தார். தலைப்பாகை தலையில்தான் இருந்தது.

முதலாளி கலியாண உடுப்போடு கரைக்கு வந்தார். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஈரத் தலைப்பாகையைப் பிடுங்கி மணலில் எறிந்தார். "கட்டின கை கழட்டுது" என்றாராம். பூட்டன் அதற்குச் சொன்னதைத்தான் ஐயா எனக்குச் சொல்லித் தந்தார்: "கழட்டின வீட்டுக் கை திரும்ப வைக்கும்வரைக்கும் என்ர வழியில ஒருத்தன்ர தலையிலயும் தலைப்பாகை ஏறாது."

பூட்டனுக்குப் பிறகு ஒருவரும் எங்களைக் கப்பலில் ஏற்றவில்லை. பாட்டன் பிறர் வள்ளத்தில் கூலிக்கு வலை இழுத்தார். ஐயாவும் அதே. என்னைப் பள்ளிக்கூடம் விட்டு மறித்தபோது எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் கனடாவுக்கு வந்து இந்த மொன்ட்ரியாலில் யாருடைய கையையும் பிடிக்காமல் எழும்பினேன். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு நிலக்கீழ் அறைச் சுவர் வெடிப்பு அடைக்கிற ஒருவனோடு மண் வெட்டப் போனேன். அவனுடைய வேலையை அவனைவிட நன்றாகச் செய்யப் பழகியதும் தனியாகத் தொடங்கினேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய வான் வண்டிகள் மொன்ட்ரியால் தீவு முழுக்க ஓடுகின்றன. எந்தச் சுவரால் எந்த மாதம் தண்ணீர் வரும் என்று வாசலில் நின்றே சொல்லுவேன். பியர்பொன்ட்ஸில் வீடு, ஆறு பார்த்த வளவு. மகனை இன்ஜினியராக்கினேன். இவ்வளவும் செய்தேன். ஆனால் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிற கலியாணப் படத்தில் வெறுந்தலையோடுதான் நிற்கிறேன்.

மகனுக்குச் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகக் கம்பனியில் வேலை. அங்கே பழக்கமான பிரெஞ்சுப் பிள்ளை ஒருத்தியைத்தான் கட்டுவேன் என்றான். நான் ஓம் என்றேன். மனம் குறுகியவன் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது. கலியாணம் எங்கள் முறைப்படிதான் வேண்டும் என்று அந்தப் பிள்ளையே கேட்டது. தமிழ்ச் சிநேகிதி ஒருத்தியின் கலியாணத்தில் பார்த்துவிட்டு, தன் சேலைக்குப் பொருத்தமான நிறத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் தெரிவு செய்து வைத்திருந்தது.

"எங்கட ஆக்கள் வைக்கிறேல்லை" என்றேன் மகனிடம்.

"தெரியும் அப்பா. கப்பல்." அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவள் ஆசைப்படுறாள். நான் வைக்கத்தான் போறன்."

"கழட்டின வீட்டு ஆள் வைக்கோணும். அதுதான் கதை."

"அப்ப அவையைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்கோவன்."

நக்கலுக்குத்தான் சொன்னான். எனக்கு அது நெஞ்சில் பிடித்துக்கொண்டது. ஏன் கூப்பிடக் கூடாது? பாட்டனாலும் ஐயாவாலும் அந்த வீட்டுப் படியில் ஏறிக் கேட்டிருக்க முடியாது. நான் கேட்கலாம். நான் யாருக்குக் குறைந்தவன்?

அந்தக் கிழமைதான் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பெண்ணின் தகப்பன் இந்த ஆறு போய்க் கடலில் விழுகிற பக்கத்து மீன்பிடி ஊர்க்காரர். நான் கப்பல் கதையைச் சொல்ல, மகன் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தான். மனிதர் கண் விரியக் கேட்டார். தங்கள் கரையிலும் அந்தக் காலத்தில் நிறையக் கப்பல் உடைந்தது என்றார். இங்கிலாந்துக்கு மரம் ஏற்றிப் போன பாய்க்கப்பல் ஒன்று பனிப்புகாரில் வழி தெரியாமல் அவர்கள் ஊர்ப் பாறையில் ஏறியதாம். ஊர்ச்சனம் உயிரோடு இருந்த ஆட்களைக் காப்பாற்றியது, செத்தவர்களைப் புதைத்தது, பிறகு மரத்தைப் பங்கு போட்டது. அவர் வீட்டு மாடிப்படி அந்தக் கப்பல் மரமாம். தப்பிய மாலுமி ஒருவன் ஊரிலேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டான். அவனுடைய வழிதான் இவர்கள்.

"ஆரின்ர பிழை எண்டு கேள்" என்றேன் மகனிடம்.

மகன் கேட்டான். அவர் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார்.

"பனிப்புகாரின்ர பிழையாம்" என்றான் மகன்.

அவருக்குக் கப்பல் உடைந்து மாடிப்படி கிடைத்திருக்கிறது. சொல்லச் சுகமாகத்தான் இருக்கும்.

முதலாளியின் வழியில் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு செத்த வீட்டு அந்தியேட்டிச் சாப்பாட்டில் விசாரித்தேன். எங்கள் சனத்திடம் வீட்டு வளவின் பெயரைச் சொன்னால் போதும், ஆளைக் கொண்டுவந்து முன்னால் விட்டுவிடும். ஒருவர் மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார், பார்சல் வான் ஓட்டுகிறார் என்றார்கள்.

நல்ல சேர்ட்டுப் போட்டுக்கொண்டு போனேன். வாடகைக்கு எடுத்த நிலக்கீழ் வீடு. உள்ளே கால் வைத்ததும் எனக்கு ஈர மணம் பிடிபட்டது. சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரன் வெளியே தோண்டி அடைக்காமல் மேலால் பெயின்ட் அடித்திருந்தான். பெரிய வீட்டு வாரிசு இந்த ஈரத்துக்குள் இருக்கிறார் என்று கண்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆள் என்னைவிட நன்றாக இளையவர். தேத்தண்ணி தந்தார். நான் தொடங்கினேன்.

"தம்பி, உங்கட பரம்பரைக்குக் கப்பல் இருந்தது தெரியுமோ?"

"ஆருக்கு, எங்களுக்கோ?" அவர் சிரித்துவிட்டார். "அண்ணை, எங்கட அப்பாட்டச் சைக்கிளே இருக்கேல்லை."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கப்பல் தெரியாது, கற்பாரில் ஏறியது தெரியாது, தலைப்பாகை தெரியாது. அவருடைய தகப்பன் காலத்திலேயே பெரிய வீடு விற்றுப் பிரிந்து, ஆட்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் முழுவதையும் சொன்னேன். தீவட்டியைச் சொன்னேன், அணைந்த விளக்கைச் சொன்னேன், கட்டின கை கழட்டுது என்று சொன்னதையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அறைக்குள் இருந்த மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை ஓடி வா. எங்களிட்டப் பெரிய கப்பல் இருந்ததாம். பர்மாவுக்குப் போனதாம்."

பிள்ளை கதவால் எட்டிப் பார்த்து, பிரெஞ்சில் "வ்ரேமோன்?" என்றது.

"மெய்யாத்தான். இந்த மாமாவுக்கு எல்லாம் தெரியும்."

நான் எழும்பி நின்று வந்த காரியத்தைச் சொன்னேன். வரமாட்டேன் என்று சொன்னால் என்ன சொல்லுவது, வெட்கப்பட்டால் என்ன சொல்லுவது, கண் கலங்கினால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் வானுக்குள் வைத்து மறுமொழி பாடமாக்கி இருந்தேன்.

"இதென்ன அண்ணை பெரிய வேலையே. வைச்சு விடுறன்" என்றார் அவர். "எத்தினை மணிக்கு வரோணும்?"

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்னவாம்?"

"வாறாராம்."

"அப்ப ஏன் செத்த வீட்டால வந்த மாதிரி இருக்கிறியள்?"

எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் பூட்டனின் அந்தச் சொல்லை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பாதுகாத்து வந்தது. ஐயா ஒரு முறை அந்த வளவைத் தாண்டாமல் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போய், மழையில் நனைந்து காய்ச்சலில் கிடந்தார். எதிர்ப்பக்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. அவர்களுக்கு இருந்த பல கப்பல்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

கலியாணம் சென்ட் லோரன்டில் ஒரு மண்டபத்தில். அவர் புது வேட்டி கட்டி, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலைப்பாகை கடையில் தைத்து எடுத்தது, கல்லுப் பதித்து, தொப்பி மாதிரித் தூக்கி வைக்கலாம். அவர் இரண்டு கையாலும் எடுத்து மகனின் தலையில் வைத்து, சரிந்த பக்கத்தை நிமிர்த்திவிட்டார். மேளம் தட்டியது. சம்பந்தி கை தட்டினார். எனக்குள் ஏதோ இறங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இறங்கவில்லை.

பிறகு அவர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைக்க என்னை ஏன் கூப்பிட்டவை எண்டு நீங்கள் யோசிப்பியள். எங்கட பூட்டனுக்குப் பெரிய பாய்க்கப்பல் இருந்தது. இவையின்ர ஆள்தான் அதை ஓட்டினவர். ஓட்டிக்கொண்டு வந்து ஊர் வாசல்ல கல்லில ஏத்திப்போட்டார்."

மண்டபம் சிரித்தது.

"கப்பல் போனது போனதுதான். பரவாயில்லை. நாங்கள் அதை இண்டைக்கு மன்னிச்சிட்டம்."

இன்னும் பெரிதாகச் சிரித்து, கை தட்டினார்கள். தலைப்பாகைக்குக் கீழே என் மகனும் சிரித்தான். தீவட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அணைந்த விளக்கைப் பற்றி இல்லை. மனிதர் வேண்டுமென்று விடவில்லை. அவருக்கு அது மறந்துபோய்விட்டது. அதுதான் எனக்கு எரிகிறது. வேண்டுமென்று விட்டிருந்தால் நான் எழும்பி ஒரு மறுமொழி சொல்லியிருப்பேன். சிரித்த முகத்தோடு மன்னிக்கிறவனிடம் என்னத்தைச் சொல்லுவது? நான் சமையல் பக்கம் போய், சாம்பாருக்கு உப்புக் காணாது என்று சமையற்காரனை ஏசினேன்.

அன்றுவரை அந்தத் தரை தட்டல் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்தது. இப்போது மொன்ட்ரியாலில் தமிழ்ச் சனம் முழுக்கத் தெரியும். தமிழ்க் கடை வாசலில் வானைப் பின்னுக்கு எடுத்தால், சாமான் பையோடு நிற்கிறவன் சொல்கிறான்: "பார்த்து அண்ணை, கல்லில ஏத்திப்போடாதேங்கோ." இந்தத் தீவில் சுவர் அடைக்கத் தொடங்கிய முதல் தமிழன் நான். அதை ஒருவரும் சொல்வதில்லை. கப்பலைக் கல்லில் ஏற்றிய ஆட்கள் என்றால்தான் எங்களைத் தெரிகிறது.

"ஆர் உங்களைப் போய்ச் சொல்லச் சொன்னது?" என்று மனைவி கேட்டாள். "பேசாமல் நானே எடுத்துத் தலையில வைச்சிருப்பன்."

போன மாதம் தலைப்பாகை வைத்தவர் எனக்குப் போன் எடுத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு பேசப் போகிறதாம், அந்தக் கப்பலைப் பற்றி, பிரெஞ்சில். படமும் கீறியிருக்கிறதாம், மூன்று பாய்மரத்தோடு.

"அண்ணை, கப்பலின்ர பேர் என்ன? அதை எழுதோணும் எண்டு நிக்கிறாள்."

பெயர் எனக்குத் தெரியும். பூட்டன் பாட்டனுக்குச் சொல்லி, பாட்டன் ஐயாவுக்குச் சொல்லி, ஐயா எனக்குச் சொன்னது. கல்லில் ஏறிய பிறகு ஒருவரும் அதை வெளியில் உச்சரித்ததில்லை.

"தெரியாது தம்பி" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை. நாங்களே ஒண்டு வைப்பம்."

பிள்ளை தன் பெயரையே வைத்துவிட்டதாம். வைக்கட்டும். கப்பல் அவர்களுடையது, மன்னிப்பும் அவர்களுடையது, இப்போது கதையும் அவர்களுடையது. பெயரை நான் என் மகனுக்குச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.