சிப்பியிலிருந்து எடுத்த சாம்பல்

‘1987 ஆடி, ரொறன்ரோ’ என்று புகைப்படத்தின் பின்புறம் அப்பா எழுதியிருக்கிறார். ஆண்டு சரி; நாங்கள் அந்த நகரின் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்புக்கு வந்த மறு கோடை அது. மாதத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. அப்பா உத்தேசமாகப் போடுகிறவர். படத்தில் அம்மாவின் நெற்றியில் கறுப்பாக ஒரு கீற்றுத் தெரியும். படம் பழுதாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது பழுதல்ல.

கனடாவின் பூர்வகுடி மக்கள் ஒரு பூங்காவில் நடத்திய ஆட்ட விழாவுக்கு அம்மாவின் ஆங்கில வகுப்பு ஆசிரியை எங்களை அழைத்திருந்தார். அம்மா, கமராவோடு மாமா, நான் மூவரும் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் போனோம். எனக்கு ஒன்பது வயது. மூவரில் அதிகம் ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகமும் எனக்கே.

ஆட்டக்களத்தின் வாசலில், தோளில் சால்வையோடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் பெரிய சிப்பியொன்றில் சேஜ் என்ற மூலிகையைப் புகையவிட்டபடி நின்றார். வந்தவர்கள் அந்தப் புகையைக் கைகளால் அள்ளி முகத்திலும் தலையிலும் தடவிக்கொண்டு உள்ளே போனார்கள். அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவைத்தார். புகையை அள்ளிக் கண்களில் ஒற்றினார். அதோடு நின்றிருக்கலாம். சிப்பிக்குள் விரலை விட்டுச் சாம்பலைத் தொட்டு, தன் நெற்றியில் இழுத்து, என் நெற்றியிலும் பூசிவிட்டார்.

பக்கத்தில் நின்ற இளைஞன் “நோ, நோ” என்று முன்னால் வந்தான். வரிசை அப்படியே நின்றது.

“அக்கா, உது என்ன கோயிலே?” மாமா பல்லைக் கடித்தார். “எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிசைக் கூப்பிட்டாங்களெண்டா?”

“நீ உன்ர கமராவைப் பார்.”

அம்மையார் இளைஞனைக் கையமர்த்திவிட்டு, ஏன் என்று என்னிடம் கேட்டார். நாங்கள் இந்த நாட்டில் இருப்பதும் போவதும் என் பதிலில்தான் என்று நான் முழுதாக நம்பினேன். அம்மாவைப் பார்த்தேன்.

“எரிஞ்சு முடிஞ்சதை நாங்கள் கால்ல மிதிபட விடமாட்டம் எண்டு சொல்லு, பிள்ளை. தலையை நிமிர்த்திச் சொல்லு.”

சொன்னேன். நாங்களும் அதைக் குப்பையில் போடுவதில்லை, மரத்தடியில் மண்ணிடமே கொடுப்போம் என்றார் அம்மையார். நெற்றிக்குப் போனதை இன்றுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். பிறகு எல்லோரையும் ஆட அழைத்து மேளம் முழங்கியபோது, அம்மாவின் கையைப் பிடித்துக் களத்துக்குள் கூட்டிப்போனார். சேலையில் அம்மா, மேளத்துக்குச் சரியாக அடிவைத்து, நிமிர்ந்தபடி சுற்றிவந்தார். சற்றுமுன் பல்லைக் கடித்த மாமா, தெரியாதவர்களையெல்லாம் பிடித்து “மை சிஸ்டர், மை சிஸ்டர்” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

விடைபெறும்போது அம்மையார் என்னிடம், “உன் வயதில் நாங்கள் ஆடுவதற்கு அனுமதி கேட்கவேண்டியிருந்தது” என்றார். அவருடைய தாயார் கண்டிப்பானவராம் என்று நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

“நல்ல தாய்,” என்றார் அம்மா.

1951 வரை மேற்கு மாகாணங்களில், பூர்வகுடி மக்கள் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு வெளியே ஆடுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டமே இருந்ததைப் பல வருடங்கள் கழித்துத்தான் வாசித்தேன். அவர் மேற்கிலிருந்து வந்தவர்தானா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.