அவசரமாகப் பாடி முடித்த பாட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

2006 ஏப்ரலில் எனக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரோசி பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூத்திரப்பையில் புற்றுநோய். கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். திரும்ப வராமல் இருக்க, குழந்தைகளுக்குக் கையில் போடுகிற பி.சி.ஜி. மருந்தைக் குழாய் வழியாகப் பைக்குள் விட்டார்கள். வாரம் ஒரு தடவை, ஆறு வாரம்.

மருந்து விட்டதும் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தரம் புரள வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் நகராது. ரோசி அதைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று பாட்டு என்று பாடினாள். மூன்றும் முடிந்தால் புரளுவேன். எரிச்சலில் பாயைக் கசக்குவேன்.

கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி மறுபடியும் இருந்தது. இன்னொரு ஆறு வாரம் கொடுத்தார்கள். அதற்கும் கேட்கவில்லை. பையையே எடுக்க வேண்டும் என்றார்கள். நீங்கள் எல்லாரும் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

அப்போதுதான் ரோசி பாடுவதையே விட்டுவிட்டாள் என்பது எனக்கு உறைத்தது. கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க துடிக்கிறத பாக்க முடியலங்க. வேகமா பாடி, நடுச் சரணத்த உட்டுட்டேன். நேரம் பத்தாமதான் மருந்து புடிக்கல. எல்லாம் என்னாலதான்."

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கு நான் சுகம் கேட்கவில்லை. "ஆண்டவரே, இவ நெஞ்சுல இருக்கிறத எடுத்துப் போடும். கேக்க வேண்டிய எடத்துல என் வாயத் தொறந்து விடும்" என்று மட்டும் கேட்டேன்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போன நாள் ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. டாக்டரம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். என் வாய் திறந்தது.

"அம்மா, பாட்டு சீக்கிரம் முடிஞ்சிடுச்சி. அதனாலதான் மருந்து கேக்கலியா?"

அவருக்குப் புரியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு ரோசியைப் பார்த்தார்.

"இது நேரா கட்டியக் கொல்ற மருந்து இல்லம்மா. நோயோட சண்ட போட ஒடம்புக்குள்ள காவலுக்கு இருக்கிறதுங்கள உசுப்பி உடுது. சில கட்டி அதுங்க கண்ணுல படாம மறைஞ்சிக்கும். சிலது வந்ததுங்களயே அசத்திப் போட்டுடும். ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியல. நீங்க ஒரு சரணம் உட்டதால வந்தது இல்ல. இனிமே பாட்ட பாட்டா பாடுங்க, கடியாரமா பாடாதீங்க."

ரோசி சிரித்தாள். அப்புறம் பஸ் ஏறும்வரை முந்தானையில் முகத்தை வைத்து அழுதாள்.

பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் வெளிப்பை மாட்டியிருக்கிறேன். பக்கத்து நெறிக்கட்டியிலும் நோய் இருந்ததாம். எவ்வளவு நாள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுகமானேன் என்று பொய் சாட்சி எழுத மாட்டேன். ஆனால் நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். காலையில் எனக்குப் பை மாற்றும்போது ரோசி பாடுகிறாள். நடுச் சரணத்தையும் சேர்த்து மெதுவாகப் பாடுகிறாள்.

உங்களில் யாராவது இப்படி ஒரு பழியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு இருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள். வாயைத் திறந்து விடுவார். எனக்கே திறந்தார்.

2008 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை.